ராபுலாவின் இரண்டாவது டேங்க்

இந்த வருஷமாவது பெண்டாட்டியிடம் ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லிக் கரையேறிவிட வேண்டும் என்று ராபுலா தீர்மானம் செய்தான்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். இதுவரை அவன் சொன்ன பொய்கள் நூறு இருக்கும். தொண்ணூற்றொன்பது அன்றன்று சாயங்காலத்துக்குள்ளேயே பல்லை இளித்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்று மட்டும் பன்னிரண்டு வருஷமாக அசையாமல் நின்றது. காரணம், அது முழுப் பொய் இல்லை. பாதி கணக்கு.

கணக்கு இதுதான். ராபுலாவின் பழைய பிக்கப் வண்டிக்கு டீசல் டேங்க் அறுபத்தைந்து லிட்டர். கலஹாரி பாலைவன மணலில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினால் அதுவே அதிகம். மாமியார் ஊரான மாபுலேங் இருநூற்றெண்பது கிலோமீட்டர். போய்விடலாம், திரும்பி வர முடியாது. வழியில் ஒரு பங்க் கிடையாது. மாபுலேங்கிலும் கிடையாது. நடுக்காட்டில் வண்டி நின்றால் சிங்கம் வந்து தள்ளிவிடப் போவதில்லை.

"கேன்ல ஊத்தி எடுத்துக்கிட்டுப் போலாமே?" என்று அந்தக் காலத்தில் பெண்டாட்டி செதுன்யா கேட்டாள். அதற்கு ராபுலா அரை மணி நேரம் பிரசங்கம் செய்தான். மணல் பாதையில் வண்டி குலுங்கினால் கேன் மூடி எப்படிக் கழன்றுகொள்ளும், கழன்றால் என்ன ஆகும், அப்படி ஆனவர்களின் புருவம் இப்போது எங்கே என்று வரிசையாக அடுக்கினான். "புள்ள உக்கார்ற எடத்துல நெருப்ப வெச்சுக்கிட்டுப் போகச் சொல்றியா?" என்று கடைசியில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். பிரசங்கம் ஊரெல்லாம் பரவியது. கேன் வைத்திருந்த இரண்டு பேர் அதை வெட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து செதுன்யா வருஷா வருஷம் பஸ்ஸில் தாய்வீட்டுக்குப் போய் வந்தாள். ராபுலா வீட்டிலிருந்து கை காட்டினான்.

மாமியார் பொல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கமான மனுஷி. சிக்கல் அந்த ஊர் வழக்கத்தில் இருந்தது. மாப்பிள்ளை முறுக்கெல்லாம் அங்கே செல்லாது. மருமகன் வந்து இறங்கினால் கையில் முதலில் வருவது கோடாலி. விறகு பிளக்க வேண்டும். ஆடு அறுக்க வேண்டும். மூன்று கால் இரும்புப் பானையில் இறைச்சியை வேகவைத்து, நார் நாராக ஆகும்வரை உலக்கையால் இடிக்க வேண்டும். வேலியைப் பார்த்து "சாஞ்சிருக்கே" என்று மாமனார் வீட்டில் யாராவது முணுமுணுத்தால் போதும், மருமகன் குழி தோண்ட எழுந்திருக்க வேண்டும். ராபுலா ஊராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் தோண்டியதெல்லாம் பழைய கோப்புகளைத்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், கடைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். திகோனாவில் குதிரைப் பந்தயம். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி.

ராபுலாவின் மாட்டுப்பட்டியில் நலேடி என்று ஒரு பழுப்புக் குதிரை இருந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பிறந்த அன்று நனைந்து நடுங்கியவளைத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தித் துடைத்தவன் அவன். இப்போது ஐந்து வயது. அவள் ஓடுவதைப் பட்டிக்காரன் டாவுவும் நாற்பத்திரண்டு மாடுகளும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். வேறு குதிரைகளோடு சேர்ந்து ஒரு தடவை, ஊர் பார்க்க, அவள் ஓட வேண்டும். அதை அவன் வேலி ஓரமாக நின்று பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். பந்தயம் கட்டும் உத்தேசம்கூட இல்லை.

நலேடியின் பெயரைக் கொடுத்தாகிவிட்டது. ஏறி ஓட்டுவதற்கு டாவு இருந்தான். வயது நாற்பது, எடையும் ஏறக்குறைய அதேதான். பக்கத்துப் பட்டிக்காரரின் லாரியில் குதிரையோடு முந்தின நாளே போய்விடுவதாக ஏற்பாடு.

ராபுலா எப்படிப் போவது? அங்கேதான் விதி விளையாடியது. திகோனா இருப்பது மாபுலேங்கைத் தாண்டி இன்னும் அறுபது கிலோமீட்டரில். மாபுலேங்குக்கே போய்த் திரும்ப முடியாத வண்டி திகோனாவுக்குப் போய்த் திரும்பினால் பன்னிரண்டு வருஷத்துப் பொய் என்ன கதிக்கு ஆளாகும்? கேனில் டீசல் கொண்டுபோகலாம் என்றால் சொந்தப் பிரசங்கமே வழி மறித்தது. யாரிடமாவது லாரியில் தொற்றிக்கொள்ளலாம் என்றால் சாயங்காலமே செதுன்யாவின் காதுக்குச் சேதி வந்துவிடும்.

ஒரே வழிதான் தெரிந்தது. வண்டிக்கு இரண்டாவது டேங்க். யாருக்கும் தெரியாத டேங்க்.

வெல்டிங் பட்டறை ஓராபிலேயிடம் உடைந்த லாரி ஒன்றின் டேங்க் கிடந்தது. எண்பது லிட்டர். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், துரு இல்லை. வண்டியின் பின்தொட்டிக்கு அடியில், சட்டத்தை ஒட்டி, இரண்டு இரும்புப் பட்டைகளில் அதைத் தொங்கவிட்டான் ஓராபிலே. இரும்போடு இரும்பு உரசினால் ஒரே வருஷத்தில் ஓட்டை விழும் என்று நடுவில் பழைய டயரை வெட்டி வைத்தான். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு திருப்பு டேப். இடப் பக்கம் தள்ளினால் பழைய டேங்க், வலப் பக்கம் தள்ளினால் புது டேங்க். குதிகாலாலேயே தள்ளிக்கொள்ளலாம். ராபுலா ஏழெட்டு முறை தள்ளிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்றான் ஓராபிலே. "டீசல் எஞ்சின் குடுத்ததையெல்லாம் குடிச்சுடாது. தேவைக்கு எடுத்துக்கிட்டு மிச்சத்தத் திருப்பி அனுப்பும். அதுக்குத் தனிக் குழாய் இருக்கு. எந்த டேங்குலேர்ந்து எடுக்குதோ அதுக்கே திரும்பணும். அதுக்கு ரெட்டை டேப் போடணும்."

"போடேன்."

"பட்டணத்துலேர்ந்து வரணும். மூணு வாரம் ஆகும்."

"போடலேன்னா?"

"நீங்க புது டேங்குல ஓட்டினாலும் மிச்சம் பழைய டேங்குக்கே போய்ச் சேரும்."

"சேரட்டுமே! நம்ம வீட்டு டீசல் நம்ம வீட்டுக்குள்ளதானே சுத்துது? திருடனா கொண்டுபோகப் போறான்?"

ஓராபிலே கருவிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். அரசாங்கக் குமாஸ்தாவுக்கு விளக்கம் சொல்லி ஜெயித்தவர் யாரும் அந்த ஊரில் இல்லை. விளக்கம் என்பது ராபுலா சொல்வதற்கும் மற்றவர்கள் கேட்பதற்கும் ஏற்பட்டது.

வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய ஐந்தாவது நிமிஷம் செதுன்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நாலாம் வகுப்பு டீச்சர். கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பையைக் கீழே வைத்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தாள்.

"ஏங்க, இது என்னங்க?"

"தண்ணித் தொட்டி."

இதைத்தான் அவன் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தான். அந்தச் சீமையில் தண்ணீர் என்றால் எதிர்க்கேள்வி கிடையாது. மாட்டுப்பட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்கிறவனை யார் தடுப்பார்கள்?

"எதுக்கு?"

"கன்னுக்குட்டிங்களுக்கு. வெயில் காலம் வருதுல்ல."

"நல்ல யோசனைங்க. அதுக்கு எதுக்குப் பூட்டு?"

"தண்ணி அருமையான பொருளாச்சே."

"மேல போகுதே, இந்தச் சின்னக் குழாய்?"

இங்கேதான் ராபுலா நிறுத்தியிருக்க வேண்டும். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவனுக்கு வராது.

"அது மூச்சுக் குழாய். உள்ள இருக்கறது கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து போகணும். இல்லேன்னா உறிஞ்ச உறிஞ்சத் தொட்டி நசுங்கிடும்."

"யாருங்க உறிஞ்சறது?"

"கன்னுக்குட்டி."

"வண்டிக்கு அடியில படுத்தா?"

"வாளில புடிச்சு வெப்போம். அப்புறமா உறிஞ்சும்."

"ஓகோ. அப்ப இந்தக் கறுப்புக் குழாய் ஏன் முன்பக்கம் போகுது?"

"ரேடியேட்டர் சூடாச்சுன்னா அங்கயும் தண்ணி வேணும்ல?"

"அடேங்கப்பா! எவ்வளவு யோசிச்சிருக்கீங்க!" என்றாள் செதுன்யா. ராபுலாவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று ராத்திரிச் சோளக் களியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாளே புது டேங்கில் ஐம்பத்தைந்து லிட்டர் டீசல் ஊற்றினான். பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டான். அந்தச் சட்டையைச் சாவியோடேயே சனிக்கிழமை துவைக்கப் போட்டான். புத்தி எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் செதுன்யா வண்டியருகில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வாளி. டேங்க் மூடி திறந்து கிடந்தது.

"என்ன செய்யற?" என்று ஓடினான்.

"தண்ணி ஊத்தறேங்க. பட்டிக்குப் போறப்ப அவசரமில்லாம இருக்குமே. ரெண்டு வாளிதான் ஊத்தினேன். ஏதோ வாசம் அடிச்சுது, நிறுத்திட்டேன்."

"பழைய டேங்கு. பழைய வாசம்."

"கழுவித் தரட்டுமா? சோப்பு இருக்கு."

"வேண்டாம்!"

ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். டீசலில் தண்ணீர் கலந்து அது எஞ்சினுக்குள் போனால் பம்பு போச்சு, பம்பு போனால் பந்தயம் போச்சு. விடிந்ததும் விடியாததுமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். டேங்கின் அடியில் ஒரு வடிகால் திருகு இருந்தது. ஒரு ராத்திரி அசையாமல் நின்றால் தண்ணீர் அடியில் தங்கிவிடும், டீசல் மேலே நிற்கும். திருகை மெதுவாகக் கழற்றினால் முதலில் வருவது தண்ணீர்தான். பழைய பாத்திரம் ஒன்றை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, முகத்துக்கு நேராக இரண்டு செருப்புகள் வந்து நின்றன. செதுன்யா தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையும் கொண்டுவந்திருந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தொட்டி சுத்தம். மாசம் ஒரு தடவை அடித்தண்ணிய எறக்கிவிடணும். இல்லேன்னா கசண்டு சேந்து வடிகட்டி அடைச்சுக்கும்."

"தண்ணித் தொட்டிலேர்ந்து தண்ணிய எறக்கிட்டா அப்புறம் என்னங்க இருக்கும்?"

"நல்ல தண்ணி."

"அட, இப்ப கலர் மாறி மஞ்சளா வருதே?"

அவசர அவசரமாகத் திருகை மூடினான். "துரு."

"துரு எரியுமாங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா" என்றாள். பாத்திரத்தில் மிதந்ததை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தாள். "தண்ணி அடியில இருக்கு, துரு மேல மிதக்குது. விநோதமா இருக்கு. புள்ளைங்ககிட்டச் சொல்லணும்."

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் சந்தேகம் தட்டியிருக்கும். ராபுலா நினைத்ததோ வேறு. பாவம், இவளுக்கு இயந்திரம் என்றால் ஒன்றும் தெரியவில்லையே என்று மனைவிமேல் இரக்கப்பட்டான். இத்தனைக்கும் வண்டி ஓட்டும் லைசென்ஸை அவள் முதல் தடவையிலேயே வாங்கியவள். அவன் மூன்றாவது தடவையில் வாங்கினான்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மாட்டுப்பட்டிக்குக் கிளம்பினவனோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? தூசி."

"கன்னுக்குட்டி தண்ணி குடிக்கறதப் பாக்கணுங்க."

பட்டி தொண்ணூறு கிலோமீட்டர். பழைய டேங்கின் டீசல் முள் கால் பங்கில் நின்றது. அன்று காலை வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தான். புது டேங்கைச் சோதித்துப் பார்க்கத்தான் கிளம்பினதே. இப்போது பக்கத்தில் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"முள்ளு கால்லதான் நிக்குது. பத்துமாங்க?"

"பத்தும், பத்தும். ஓட்டறவன் கையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டே குதிகாலால் டேப்பை வலப் பக்கம் தள்ளினான். வண்டி ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது. ராபுலா சீழ்க்கையடித்தான்.

இருபது கிலோமீட்டர் தாண்டியது.

"ஏங்க, முள்ளு ஏறுதே?"

"என்னது?"

"கால்ல இருந்துச்சு. இப்ப காலுக்கு மேல போயிருக்கு."

ராபுலா பார்த்தான். போயிருந்தது. மேடு பள்ளத்தில் அப்படித்தான் ஆடும் என்றான். நாற்பதாவது கிலோமீட்டரில் முள் பாதியைத் தொட்டது. அப்போதுதான் ஓராபிலே சொன்ன திரும்பி வரும் குழாய் ஞாபகம் வந்தது. எஞ்சின் புது டேங்கில் குடித்துவிட்டு மிச்சத்தையெல்லாம் பழைய டேங்கில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு டீசல் வீட்டுக்குள்ளேதான் சுற்றியது. பெண்டாட்டியின் கண்ணுக்கு எதிரிலேயே சுற்றியது. டேப்பைத் திருப்பலாம் என்றால், அவள் பார்வை முள்ளிலிருந்து அவன் காலுக்கும் காலிலிருந்து முள்ளுக்குமாகப் போய்ப் போய் வந்தது.

பட்டியில் போய் நின்றபோது முள் முக்காலைத் தாண்டி இருந்தது.

"தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்திருக்கோம். ஓட ஓட டீசல் ஏறியிருக்கு" என்றாள் செதுன்யா. குரலில் வியப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "எப்படிங்க?"

ராபுலா அவசரமாகக் கதவைத் திறந்து இறங்கினான்.

"மாட்டப் பாக்கலாம் வா" என்றான்.

அவன் மாட்டைப் பார்த்தான். அவள் நலேடியைப் பார்த்தாள். பிடரியை மட்டமாக வெட்டி, வாலைச் சீவி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தி வைத்திருந்தான் டாவு. செதுன்யா அவனோடு வேலி ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டிகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள் என்று ராபுலா நினைத்துக்கொண்டான். கன்றுக்குட்டிகள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வந்தவள் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. அதுவும் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. செதுன்யா எழுந்தாள்.

"நேத்து நானும் என் வீட்டுக்காரரும் பட்டிக்குப் போனோம். கால் டேங்குல கெளம்பினோம். வழியில ஒரு சொட்டு ஊத்தல. போய்ச் சேர்றப்ப முக்கால் டேங்குக்கு மேல இருந்துச்சு. நான் சின்ன வகுப்பு டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியல. எல்லாம் தெரிஞ்சவர் என் வீட்டுக்காரர். அவரையே கேட்டுடலாம்னு எழுந்தேன். பியோ அப்பா, அது எப்படிங்க ஏறிச்சு?"

மகள் பியோ பட்டணத்து விடுதியில் படிக்கிறாள். அப்பா முழிப்பதைப் பார்க்கும் பாக்கியம் அவளுக்குக் கிட்டவில்லை. சபை முழுக்கப் பார்த்தது. பின் வரிசையில் ஓராபிலே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

ராபுலா எழுந்தான். உண்மையைச் சொன்னால் இரண்டாவது டேங்க் வெளியே வரும். அது வந்தால் பன்னிரண்டு வருஷமும் சேர்ந்து வரும். பொய் சொல்லலாம் என்றால் போதகர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"முள்ளு ஏறினது நெசம்" என்றான். "எப்படின்னு எனக்குத் தெரியல."

"ராபுலாவுக்கே தெரியலையாம்!" என்று முன் வரிசைக் கிழவி ஒருத்தி எழுந்துவிட்டாள். "அப்ப அது கர்த்தரோட செயல்தான்!"

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஆரவாரம் அடங்கும்வரை செதுன்யா உட்காரவில்லை.

"இன்னும் ஒரு சந்தேகம். எங்கம்மாவுக்கு மழைக்கு முன்னாடி கூரை வேயணும். புல்லு அறுத்துக் கட்டி வெச்சாச்சு. டீசல் பத்தாதுன்னுதான் இவர் இத்தனை வருஷமா வர முடியாம மனசு கஷ்டப்பட்டாரு. இப்ப கர்த்தரே ஊத்தறப்ப, நாங்க மாபுலேங் போயிட்டு வந்துடலாம் இல்லீங்களா?"

"போய்த்தான் ஆகணும்!" என்றார் போதகர். "எப்ப கூரை வேயறாங்க?"

"இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை."

பந்தயம் நடக்கும் அதே நாள். அவனுக்கும் சேர்த்துச் சபை ஆமென் சொன்னது.

அந்த இரண்டு வாரமும் ராபுலா சாப்பிட்டது அவனுக்குத் தெரியாது. ஆனாலும் மனுஷன் சும்மா இருப்பானா? புதிதாக ஒரு கணக்குப் போட்டான். மாபுலேங்கிலிருந்து திகோனா அறுபது கிலோமீட்டர்தான். விடியற்காலையில் கூரையில் ஏறினால் ஒரு மணிக்குள் தன் பங்கை முடித்துவிடலாம். கயிறு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினால் மூன்று மணிக்கு வேலி ஓரத்தில் நிற்கலாம். கூரையும் ஆச்சு, குதிரையும் ஆச்சு. நினைத்தபோது வந்த சிரிப்பைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். நூறு கிலோமீட்டர் ஆனதும், "கொஞ்சம் நான் ஓட்டறேங்க, நீங்க கண்ண மூடுங்க" என்றாள் செதுன்யா. கொடுத்தான். அரைக் கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய டேங்கின் முள் பாதிக்கு இறங்கியது. அவள் செருப்பைக் கழற்றினாள். குதிகாலால் சீட்டுக்கு அடியில் டேப்பை வலப் பக்கம் தள்ளினாள். முள் மெல்ல மெல்ல ஏறி முக்காலைத் தாண்டியதும் திரும்ப இடப் பக்கம் தள்ளினாள்.

ராபுலா எழுந்து உட்கார்ந்தான். "உனக்கு... உனக்கு எப்படி?"

"ரொம்ப நேரம் விட்டா பழைய டேங்கு வழிஞ்சுடுமேங்க."

"அதக் கேக்கல. உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். மூச்சுக் குழாய்லேர்ந்து அடித்தண்ணி வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னீங்களே. மிச்சத்த ஓராபிலேகிட்டக் கேட்டேன்." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். கோபம் இல்லை. "நல்லா வேலை செஞ்சிருக்கான். ரெட்டை டேப் மட்டும் போட்டுடணும். பட்டணத்துக்குச் சொல்லியிருக்கேன்."

ராபுலா தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். டேங்க் போனால் போகட்டும். குதிரை ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை சூரியன் வருமுன் கூரைமேல் ஏறினான். சகலைகள் இருவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒருவர் வீட்டுக்குள் நின்று கயிற்று ஊசியை வாங்கித் திருப்பிக் குத்தினார். இன்னொருவர் கீழேயிருந்து புல் கட்டை வீசினார். உச்சியில் குந்தி உட்கார்ந்து அடித்துத் தைக்கும் வேலை, அபூர்வமாக வந்த மருமகனுக்கு மரியாதையாக ஒதுக்கப்பட்டது. பத்து மணிக்கு முழங்கால் போனது. பதினொரு மணிக்கு இடுப்பு போனது. குமாஸ்தாவின் கையில் பேனா பிடித்த இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் கொப்புளம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தான். பன்னிரண்டு மணிக்கு உச்சியில் ஒரே ஒரு பக்கம் மட்டும் மிச்சம். இன்னும் ஒரு மணி நேரம்.

அப்போது கீழே அவனுடைய வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தான். ஸ்டீரிங்கில் செதுன்யா. தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. பக்கத்தில் மாமியார், புதுச் சால்வையோடு. பின்னால் இரண்டு மச்சினிகளும், ஒரு குடையும், ஒரு கூடைச் சாப்பாடும்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று கத்தினான்.

"திகோனா வரைக்குங்க! அம்மாவுக்குக் குதிரைப் பந்தயம் பாக்கணுமாம்!"

"பந்தயமா? என்ன பந்தயம்?" என்றான் ராபுலா, கேள்வியே பட்டிராதவன் குரலில். அந்த நிலைமையிலும் பழக்கம் விடவில்லை.

"மூணு மணிக்கு! நம்ம நலேடி ஓடறாளே! டாவு நேத்தே வந்துட்டாராம்."

ஊசி கையிலிருந்து நழுவி வீட்டுக்குள் விழுந்தது. உள்ளே சகலை ஐயோ என்றார்.

"நானும் வரேன்! ஏணி! ஏணிய இந்தப் பக்கம் கொண்டாங்க!"

மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். உண்மையான பாசத்தோடுதான் சொன்னாள். "வேண்டாம் மருமகனே, உச்சிய மூடாம எறங்கக் கூடாது. பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை பாதில எறங்கிடுச்சுன்னு ஊர் பேசினா நான் தாங்கமாட்டேன். நிதானமா முடிங்க. சாயங்காலம் இறைச்சியும் நீங்கதான் இடிக்கணும்."

"செதுன்யா! டீசல் பத்தாது!" இது அவன் கடைசி அம்பு.

"ரெண்டு டேங்குலயும் இருக்குங்க! கவலப்படாதீங்க!"

வண்டி கிளம்பியது. நாலு பெண்களும் கை காட்டினார்கள். முள்மரங்களுக்கு நடுவில் தூசி எழுந்து, நீண்டு, திகோனா பக்கமாகத் திரும்பியது. உச்சியில் இருந்ததால் ராபுலாவுக்கு அது ரொம்ப தூரம் வரை தெரிந்தது. ஒரு புல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். அழவில்லை. தூசி அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணில் விழாது என்பதால் அழுதால் காரணம் சொல்ல முடியாது.

ஒரு மணி நேர வேலை மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போக, மூன்று மணிக்கு அவன் தைப்பதை நிறுத்தினான். சகலைகள் கூப்பிட்டும் கை ஓடவில்லை. அந்தத் திசையைப் பார்த்து ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான். காற்றில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தான். ஆடு கத்தியது.

வெயில் சாய்ந்து, கூரை முடிந்து, அவன் பானையருகில் உலக்கையோடு நின்றபோது வண்டி வந்தது. வரும்போதே குலவை. மச்சினிகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாமியாரின் சால்வை எங்கேயோ போயிருந்தது. இறங்கிய வேகத்தில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நலேடிதான் முதல். பதினோரு குதிரைகள். கடைசியில் புறப்பட்டாளாம். டாவு கண்ணை மூடிக்கொண்டாராம். மாமியார் வேலிமேல் ஏறிவிட்டாளாம்.

ராபுலா உலக்கையைக் கீழே போட்டான். செதுன்யாவுக்கு எதிரில் போய் நின்றான். டேங்கும் பொய்யும் கொப்புளமும் அந்த நிமிஷம் அவனுக்கு நினைவில் இல்லை.

"எப்படி ஓடினா?" என்று கேட்டான். "ஆரம்பத்துலேர்ந்து சொல்லேன். எப்படி ஓடினா?"

செதுன்யா தொப்பியைக் கழற்றினாள். யோசித்தாள். சொல்லத்தான் பார்த்தாள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது அவளுக்கு.

"அதெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாதுங்க" என்றாள். "நேர்ல பாக்கணும்."